பளபளக்கும் நாலு வாளி

அக்காவுக்கு வலது முழங்கால் வலித்தது. சாதாரண வலி இல்லை. யாரோ மூட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிதானமாகத் திருகாணி முடுக்குகிற வலி. பதினெட்டு வருடம் தலையில் செங்கல் சுமந்து சாரம் ஏறியதற்கு அந்தக் கட்டடங்கள் கொடுத்த ஓய்வூதியம் அது. நாள் தவறாமல் வந்து சேர்ந்துவிடும். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் துப்பறியும் தொழிலுக்கு வந்தபோது, இனிமேல் உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்று முழங்காலுக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். முழங்கால் நம்பவில்லை. அதுதான் அவளைவிட நல்ல துப்பறிவாளர்.

எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட உண்மையிலேயே உரிமை உள்ள ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, கீரைப் பண்ணை முதலாளி வைத்திருந்த பிஸ்கட் தட்டைத் துப்புரவாக விசாரித்துக்கொண்டிருந்தான். அவளுடைய தம்பி. இருபது வருடம் லாரி ஓட்டியவன். இப்போது அவளுக்கு உதவியாளன், ஓட்டுநர், வாய்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், வெள்ளைக் குழாய்களில் வரிசை வரிசையாக லெட்டூஸ் கீரை நின்றது. மண் என்று ஒரு சிட்டிகை கிடையாது. குழாய்க்குள் தண்ணீர் ஓடும். தண்ணீரில் உரம் கரைந்திருக்கும். வேர் அதில் நனைந்துகொண்டே வளரும்.

"தரையில கால் படாம வளருதுக்கா," என்றான் தம்பி. "பெரிய வீட்டுப் பிள்ளைங்க மாதிரி."

முதலாளி சிரிக்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அந்தக் கோட்டில் ஒரு பச்சைக் கறைகூட இல்லை. கீரைக்கும் அவருக்கும் அவ்வளவு நெருக்கம். தலைக்குப் பின்னால் ஒரு பெரிய பதாகை தொங்கியது: 'பாதி உரம்! முழு விளைச்சல்! தெளிந்த ஓடை!'

மூன்று ஆச்சரியக்குறிகளில் இரண்டு நியாயமானவை. மூன்றாவதைத்தான் விசாரிக்க வந்திருந்தார்கள். வேலிக்குப் பின்னால் போகும் ஓடை, பழைய பாசிபிடித்த தொட்டி மாதிரிப் பச்சையாகக் கிடந்தது. போன வாரம் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

"மூணு மாசம் முன்னாடி நானே உத்தரவு போட்டு உரத்தைப் பாதியாக்கினேன் மேடம்," என்றார் முதலாளி. "முன்னே எல்லாம் செடி குடிச்சது போக மிச்சத் தண்ணி ஓடைக்குப் போகும். இப்ப அது திரும்பத் தொட்டிக்கே வருது. வெளியே போற குழாயை நானே நின்னு சிமெண்ட் வச்சு அடைச்சேன். ஒரு சொட்டு வெளியே போக வழி கிடையாது."

"ஆனா ஓடை?"

"முன்னைவிட இப்ப அதிகமா பச்சையா இருக்கு."

"பூட்டின ரூமுக்குள்ள கொலை," என்றான் தம்பி, கடைசி பிஸ்கட்டை எடுத்தபடி. "சாவி செத்தவன் பாக்கெட்ல."

"கொலைகாரனைப் பிடிச்சாச்சு." முதலாளி ஒரு தாளை மேசையில் நகர்த்தினார். "உரம் கலக்குற ஆளு. செவ்வாய்க்கிழமை வேலை நேரத்துல ஓடைக்கரையில நின்னிருக்கான். கேட்டா வாயே திறக்கல. இன்னைக்குக் காலையில நாற்பது பேரையும் வரிசையா நிக்க வச்சு, அவனை முன்னாடி கூப்பிட்டு, 'தண்ணியில விஷம் கலக்குற துரோகி'ன்னு சொன்னேன். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான். குற்றம் செய்யாதவன் அப்படி நிப்பானா?"

நாற்பது பேர் முன்னால் முதலாளி கத்தும்போது தலை நிமிர்ந்து நின்ற தொழிலாளியை அக்கா பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அவனுக்கு மறுநாள் வேலை இல்லை. தாளை எடுத்துப் படித்தாள். 'ஓடையில் உரம் கொட்டியது நானே. நிர்வாகத்துக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை.' அழகாகத் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

"விசாரணை தொடங்குறதுக்கு முன்னாடியே வாக்குமூலம் தயார்," என்றான் தம்பி. "நல்ல நிர்வாகம் சார்."

"நாலு மணிக்கு நீர்க்காப்பு அலுவலகத்துலேர்ந்து அதிகாரியம்மா வர்றாங்க. வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு அறிக்கை தரணுமாம், இல்லேன்னா பண்ணைக்குச் சீல். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க பெருசா சிரமப்பட வேண்டாம். பார்த்தோம், விசாரிச்சோம்னு ஒரு வரி. அவன் கையெழுத்தோட சேர்த்துக் குடுத்துட்டா அவங்க அவனைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

சுவர்க் கடிகாரம் இரண்டரை காட்டியது. அக்கா சோபாவின் கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது.

"சிரமப்பட்டே பழகிட்டேன் சார்," என்றாள். போகிற போக்கில் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் நின்றாள். போன வருடக் கண்காட்சியில் முதலாளி ஒரு லெட்டூஸைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். செடிக்கு அடியில் வேர் ஒரு கைமுட்டி அளவுக்குச் சுருண்டு தொங்கியது.

---

கலவை அறையில் எல்லாவற்றின் மேலும் உப்புப் பூத்திருந்தது. குழாய், சுவர் மூலை, கலக்குகிற கோல், நாற்காலிக் கால், கலவைக்காரரின் செருப்பு. உரம் புழங்குகிற இடத்தில் அந்த வெள்ளை எதையும் விடாது. கலவைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். தொட்டிகளுக்கு நடுவே, தானும் ஒரு தொட்டி மாதிரி அசையாமல் நின்றார்.

"ஒரு நாளைக்கு எத்தனை வாளி உரம் போடுறீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"ரெண்டு."

"மூணு மாசத்துக்கு முன்னாடி?"

"நாலு."

"செவ்வாய்க்கிழமை ஓடைப் பக்கம் என்ன வேலை?"

"பார்க்கப் போனேன்."

"என்ன பார்த்தீங்க?"

"பச்சையா இருந்துச்சு."

தம்பி பெருமூச்சு விட்டான். "அண்ணே, வார்த்தைக்கு வார்த்தை காசு கேட்டா கூட இவ்வளவு சிக்கனம் பார்க்க மாட்டாங்க. வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"சம்சாரம். பொண்ணு. சம்சாரத்தோட அம்மா."

"மூணு பொம்பளைங்க. அதான் பேசிப் பழக்கமே இல்லாம போச்சு."

கலவைக்காரரின் உதடு ஒரு ஓரமாக இழுபட்டது. சிரிப்பு அவ்வளவுதான் வந்தது. அக்கா அவர் கண்களைப் பார்த்தாள். 'ஓடை' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்தக் கண்கள் ஓடை இருக்கும் திசைக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கச் சுவருக்குப் போய்த் திரும்பின. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் அப்போது கேட்கவில்லை. சில கேள்விகளைச் சீக்கிரம் கேட்டால் பதில் பயந்து ஓடிவிடும்.

அவள் பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு செடியை உருவினாள். வேர் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம். வெள்ளை வெளேர் என்று.

"ஏன் இவ்வளவு நீளம்?"

முதல் தடவையாக அவர் முழு வாக்கியம் பேசினார். "சத்து கம்மியா இருந்தா வேர் தேடிக்கிட்டுப் போகும். நிறைய இருந்தா, இருந்த இடத்துலயே சுருண்டு உக்காந்துக்கும்."

"நம்ம பெரியண்ணன் மாதிரி," என்றான் தம்பி.

அக்காவுக்குக் கண்காட்சிப் படத்தில் இருந்த கைமுட்டி வேர் ஞாபகம் வந்தது. அது நாலு வாளி சாப்பிட்ட செடி. இது ரெண்டு வாளி சாப்பிடுகிற செடி. இந்த மனிதர் தொட்டியில் கொட்டுவது ரெண்டேதான். அதற்குச் செடியே சாட்சி. பொய் சொல்லத் தெரியாத சாட்சி, இந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான்.

சுவரில் ஒட்டியிருந்த உத்தரவுத் தாளை அவள் உரித்து மடித்துக்கொண்டாள். 'இன்று முதல் தினசரி இரண்டு வாளி உரம் மட்டுமே கலக்க வேண்டும்.'

"உங்க மேல தப்பு இல்லைன்னு எனக்குத் தோணுது," என்றாள். "ஏதாவது தெரிஞ்சா சொல்லிடுங்க. நாலு மணிக்கு அந்தத் தாளை நீட்டுவாங்க."

கலவைக்காரர் கோலை எடுத்துத் தொட்டியைக் கலக்க ஆரம்பித்தார். அதுதான் பதில்.

---

ஸ்டோர்காரர் கம்பி வலை போட்ட ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். உள்ளே உர மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஜன்னலைவிட்டு வெளியே அவர் எப்போதாவது வந்திருப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது.

"கலவை அறைக்கு தினம் எவ்வளவு குடுக்குறீங்க?"

"நாலு வாளி." நோட்டைத் திருப்பிக் காட்டினார். தேதி, நாலு, கையெழுத்து. தேதி, நாலு, கையெழுத்து. மூன்று மாதமும் அப்படியே.

தம்பி பிஸ்கட் மெல்லுவதை நிறுத்தினான். முதலாளி அறையிலிருந்து கொஞ்சம் பாக்கெட்டில் போட்டு வந்திருக்கிறான் போலும். "அக்கா. நாலு வாங்குறார். ரெண்டு போடுறார். அப்ப தினம் ரெண்டு வாளி எங்க?"

"அது எனக்குத் தெரியாது," என்றார் ஸ்டோர்காரர். "ஜன்னலைத் தாண்டிட்டா அது என் பொறுப்பு இல்லை."

"உரத்தைப் பாதியாக்கின உத்தரவு உங்களுக்கு வரலையா?"

"அது கலவை அறை உத்தரவு. எனக்கு ஸ்டோர் உத்தரவு. நாலுன்னு போட்டிருக்கு, நாலு குடுக்குறேன்."

"அவர் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டு வந்ததே இல்லையா?"

"முத நாள் கொண்டு வந்தான். நான் எப்படி வாங்குறது? திரும்ப வாங்குனதை எழுத நோட்டுல கட்டம் இல்லை." அவர் அந்தக் கட்டம் இல்லாத இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "அதுவுமில்லாம இந்த உரம் காத்துல இருக்குற ஈரத்தை எல்லாம் இழுத்துக்கும் மேடம். காலையில தூளா போறது மத்தியானம் கூழா நிக்கும். கூழை எந்த மூட்டையில கொட்டச் சொல்றீங்க?"

"அப்புறம் அவர் என்ன பண்ணினார்?"

"எடுத்துட்டுப் போனான். எங்கேயாவது வச்சிருப்பான்."

அக்கா அந்த ஸ்டோர் உத்தரவையும் கேட்டு வாங்கி மடித்தாள். ஜன்னலைவிட்டு நகர்ந்ததும் தம்பி காதோரம் வந்தான். "போச்சு. ஆளு வசமா மாட்டிக்கிட்டார். செடி அவருக்குச் சாட்சி சொல்லுச்சு, நோட்டு அவரைக் காட்டிக் குடுத்துடுச்சு. தினம் ரெண்டு வாளி அவர் கையில இருந்திருக்கு. ஓடைக்கரையில நின்னிருக்கார். அதிகாரியம்மாவுக்கு இது போதும்."

"போதும்தான்."

"அப்ப?"

"கொட்டுறவன் எதுக்குடா போய்ப் பார்க்கணும்? கொட்டுனவனுக்குத் தெரியாதா பச்சையா இருக்கும்னு?"

தம்பி யோசித்தான். யோசிப்பது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை, நெற்றியில் தெரிந்தது. மணி மூன்று ஐந்து.

---

கட்டடத்தின் பின்புறம் போக வழியே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். உடைந்த குழாய்கள், கிழிந்த நெகிழித் தாள்கள், ஒரு காலத்தில் வண்டியாக இருந்த ஏதோ ஒன்று. முதலில் சிமெண்ட் வைத்து அடைத்த குழாய் வந்தது. நல்ல வேலை. அக்கா விரலால் தட்டிப் பார்த்தாள். கொத்தனார் கைதேர்ந்தவர். ஒரு சொட்டும் இல்லை. சுற்றிலும் புல் காய்ந்து, மஞ்சளித்துக் கிடந்தது.

"எங்க பார்த்தாலும் பட்டினிதான்," என்றான் தம்பி. "உள்ள செடிக்குப் பாதி சோறு, வெளிய புல்லுக்கு அதுவும் இல்லை."

"அங்க பாரு."

சுவரோடு ஒட்டி, இருபது அடி தள்ளி, ஒரு திட்டு மட்டும் கரும்பச்சையாக இருந்தது. களைதான். யாரும் நடாத, யாரும் கேட்காத, சாதாரணக் களை. இடுப்பு உயரம் வளர்ந்து, இலை இலையாகக் கொழுத்து, தண்டு விரல் பருமனில் நின்றது. முதலாளியின் கண்காட்சிக்கு இதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் முதல் பரிசு நிச்சயம்.

"உள்ளே இருக்குறது டயட்டு," என்றான் தம்பி. "வெளியே இருக்குறது கல்யாண விருந்து."

அக்கா களையை விலக்கினாள். குனிய வேண்டியிருந்தது. முழங்கால் அவளுடைய முன்னோர்களைப் பற்றி ஏதோ சொன்னது. சுவரின் அடியில் ஒரு துவாரம்; மழைநீர் போகிற வாய்க்காலில் போய்ச் சேர்கிற சின்னத் துவாரம். வாய்க்கால் நேரே ஓடைக்கு. துவாரத்தின் உதட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இந்தச் சுவருக்கு உள்பக்கம் என்ன ரூம்?"

தம்பி வெளிப்பக்கமாக ஜன்னல்களை எண்ணினான். "முதல்ல கலவை அறை. அதுக்கு அடுத்தது..."

அக்கா எண்ணவில்லை. கலவைக்காரரின் கண்கள் போய்ப் போய்த் திரும்பிய சுவர் எது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

---

அது கழுவுகிற அறை. நடுவில் ஒரு சிமெண்ட் மேடை, ஒரு ரப்பர் குழாய், தரையில் ஒரு கம்பி போட்ட வடிகால். மேடையில் நாலு இரும்பு வாளிகள் கவிழ்த்து வைத்திருந்தன. அறுபது வயது அம்மா ஒருத்தி துணியால் கடைசி வாளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டையில் ஒரு வட்டச் சின்னம் குத்தியிருந்தது: 'சிறந்த தூய்மைப் பணியாளர்'.

அக்கா ஒரு வாளியை நிமிர்த்தினாள். உள்ளே பார்த்தாள். அவள் முகமே தெரிந்தது, கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் உட்பட.

செருப்பில் உப்பு. நாற்காலிக் காலில் உப்பு. சுவரில் உப்பு. ஆனால் தினமும் உரத்தைச் சுமக்கிற வாளியில் மட்டும் உரத்தின் சுவடே இல்லை.

"எப்படிம்மா இப்படிப் பளபளன்னு வச்சிருக்கீங்க?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. பல வருடமாக யாரும் கேட்காத கேள்வி. "நான் கை வச்சா அப்படித்தான் கண்ணு. ஒரு துளி ஒட்டியிருக்காது. போர்டைப் பாரு." சுவரில் பலகை தொங்கியது: 'பணி முடியும்போது எந்த வாளியிலும் ஒரு துளி மிச்சம் இருக்கக் கூடாது.' "அப்படி எழுதிப் போட்டாங்க. நான் அதுக்கு மேலயே செய்யிறேன். முதலாளியே கைதட்டி இந்தச் சின்னத்தைக் குத்திவிட்டாரு."

"கஷ்டமான வேலைதான்."

"முன்னெல்லாம் கஷ்டம் இல்லை. காலி வாளிதான் வரும், தண்ணி ஊத்துனா போச்சு. இந்த மூணு மாசமாத்தான் அநியாயம். ரெண்டு வாளி ஒழுங்கா வருது. ரெண்டு வாளி நெறைய அழுக்கோட வருது. வெள்ளையா, கொழகொழன்னு. ரப்பர் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் அடிச்சாத்தான் போகுது. எல்லாம் அந்தக் கலவை அறை ஆளோட சோம்பேறித்தனம்."

தம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு தரையில் இருந்த வடிகாலைப் பார்த்தான்.

"அவர்கிட்ட நீங்க இதைச் சொல்லலையா?" என்றாள் அக்கா.

"அவரு என் மாப்பிள்ளை." அம்மா துணியை உதறினாள். "நாங்க பேசிக்கிறது இல்லை. நாலு மாசமாச்சு."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டா?"

"ஒரே வீடுதான். ஒரே ஃபேன்தான். அதை யாரு பக்கம் திருப்புறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அவரு ஒண்ணு சொன்னாரு, நான் நாலு சொன்னேன். அன்னையிலேர்ந்து அவரு மத்தியானம் வாளியை வாசல்ல வச்சிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவாரு. நானும் முகத்தைத் திருப்பிக்கிட்டு எடுப்பேன். நானா போய், 'மாப்பிள்ளை, ஏன் அழுக்கோட வைக்கிறீங்க'ன்னு கேக்கணுமா? எனக்கும் மானம் இருக்கு."

ஃபேன். அக்கா மேடையின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். ஸ்டோர்காரர் வாங்காத மிச்சத்தை யாராவது எடுத்து வைப்பார்கள் என்று நினைத்து மாப்பிள்ளை வாசலில் வைக்கிறார். அழுக்கு என்று நினைத்து மாமியார் கழுவி விடுகிறாள். நடுவில் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். அந்த வாக்கியத்தை ஃபேன் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது.

"அம்மா," என்றாள், தன்னால் முடிந்த அளவு மெதுவாக. "அது அழுக்கு இல்லை. உரம். நீங்க கழுவுறது அப்படியே ஓடைக்குப் போகுது."

அம்மா கையிலிருந்த துணியைப் பார்த்தாள். வடிகாலைப் பார்த்தாள். பிறகு, காலையில் நாற்பது பேர் வரிசையில் தானும் நின்று, மாப்பிள்ளை தலை தொங்கியதைப் பார்த்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவரு... செவ்வாய்க்கிழமை இங்க எட்டிப் பார்த்தாரு. நான் குழாயை அடிச்சிட்டிருந்தேன். எதுவோ சொல்ல வந்தாரு. நான் திரும்பிக்கிட்டேன்." துணியை மேடையில் வைத்தாள். "அவருக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்," என்றாள் அக்கா. "அதான் வாயைத் திறக்கல."

---

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அதிகாரியம்மா வந்துவிட்டாள். ஒல்லியான உருவம், தோளில் பை, பையில் ஓடைத் தண்ணீர் அடைத்த ஆறு பாட்டில்கள். முதலாளியின் மேசையில் அவற்றை வரிசையாக வைத்தாள். பதாகையின் பச்சையைவிடப் பாட்டில்களின் பச்சை நன்றாக இருந்தது.

கலவைக்காரர் ஒரு ஓரமாக நின்றார். அவர் முன்னால் தாளும் பேனாவும்.

"விசாரணை முடிஞ்சுதா மேடம்?" என்றார் முதலாளி.

"முடிஞ்சுது. உங்க ஸ்டோர்லேர்ந்து இவர் தினம் நாலு வாளி வாங்குறார். ரெண்டுதான் கலக்குறார். மிச்ச ரெண்டு ஓடைக்குப் போகுது."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "சொன்னேன்ல?"

"ஆனா கொட்டுனது இவர் இல்லை." அக்கா கதவைத் திறந்தாள். அந்த அம்மா உள்ளே வந்தாள், சின்னம் சட்டையில் பளபளத்தது. "வாளி கழுவுற இவங்க."

"இவளா! அப்ப இவளை..."

அதற்குள் கலவைக்காரர் பேனாவை எடுத்துவிட்டார். "அத்தையை விடுங்க சார்," என்றார். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் கையெழுத்து போடுறேன்."

"மாப்பிள்ளை, கையை எடுங்க!" அம்மாவின் சத்தத்தில் பாட்டில்கள் அதிர்ந்தன. நாலு மாதத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. "பெரிய மனுஷன் மாதிரி! உங்களுக்கு வீட்டுல பொண்ணு இருக்கு. எனக்கு என்ன, நான் போயிட்டு வரேன்."

"நீங்க சும்மா இருங்க அத்தை."

"நீங்க முதல்ல சும்மா இருங்க!"

"சமாதானம் ஆயிட்டாங்க," என்று தம்பி அதிகாரியம்மாவுக்கு விளக்கினான்.

அக்கா அந்த வாக்குமூலத் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். செங்கல் தூக்கிய கை. பேனா முனைக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. மறு கையால் மடித்த தாள் இரண்டையும், ஆணியிலிருந்து கழற்றிய பலகையையும் முதலாளி முன்னால் வைத்தாள்.

"கையால கொட்டுனது யாருன்னு சொல்லிட்டேன். கொட்டச் சொன்னது யாருன்னு இதுல இருக்கு. சத்தமா படிங்க சார்."

முதலாளி படிக்கவில்லை. அதிகாரியம்மா படித்தாள். "'ஸ்டோரிலிருந்து தினமும் நான்கு வாளி உரம் வழங்க வேண்டும். மறு உத்தரவு வரும்வரை மாற்றக் கூடாது.' 'இரண்டு வாளி மட்டுமே கலக்க வேண்டும்.' 'பணி முடியும்போது எந்த வாளியிலும் ஒரு துளி மிச்சம் இருக்கக் கூடாது.'" அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அடியில் பார்த்தாள். "மூணுலயும் ஒரே கையெழுத்து."

"அழகான கையெழுத்து," என்றாள் அக்கா.

"இதெல்லாம்... இதெல்லாம் தனித்தனி உத்தரவு!"

"ஆமா சார். தனித்தனியா பார்த்தா ஒண்ணுலயும் தப்பு இல்லை. சேர்த்து வச்சா ஓடை. நாலு குடுன்னு சொன்னீங்க, குடுத்தாங்க. ரெண்டு போடுன்னு சொன்னீங்க, போட்டாங்க. மிச்சம் வைக்காதேன்னு சொன்னீங்க, வைக்கலை. இந்தப் பண்ணையில உங்க பேச்சைக் கேக்காத ஒரு ஆள் இருந்திருந்தா மீனு பிழைச்சிருக்கும்."

"தொண்ணூத்திரண்டு நாள்," என்றான் தம்பி. இரண்டால் பெருக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டான். "நூத்தி எண்பத்தி நாலு வாளி. மிச்சம் பிடிச்ச உரத்தை ஒரு துளி விடாம ஓடைக்கே குடுத்திருக்கீங்க. சின்னம் குத்திவிட்டு வேற."

அதிகாரியம்மா ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். "இப்பத்தான் புரியுது. முன்னே செடி குடிச்சது போக மிச்சம்தான் ஓடைக்கு வந்துச்சு. இப்ப செடி வாயே வைக்காத உரம் முழுசா வந்திருக்கு. அதான் முன்னைவிடப் பச்சை." பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் முதலாளியின் பெயரை எழுதினாள். ஸ்டோர் இனி இரண்டு வாளிதான் தர வேண்டும். கழுவுகிற அறை வடிகாலைத் தொட்டியோடு சேர்க்க வேண்டும். ஸ்டோர் நோட்டில், திரும்ப வாங்கியதை எழுத ஒரு கட்டம் போட வேண்டும். ஓடை தெளிகிற வரை ஆய்வுக்கும் சுத்தம் செய்யவும் பண்ணையே பொறுப்பு.

"அந்த ரெண்டு வாளி கூழை என்ன பண்றது?" என்று முதலாளி பலவீனமாகக் கேட்டார்.

"மூடி போட்டு வச்சா மறுநாள் கலக்கலாம்," என்றார் கலவைக்காரர். "தண்ணியில கரைக்கத்தானே போறோம்."

மூடி. ஒரு பண்ணை முழுக்க, பதாகை அடிக்கத் தெரிந்த அத்தனை பேருக்கும், மூடி தோன்றவில்லை.

அக்கா வாக்குமூலத் தாளை நாலாகக் கிழித்துத் தட்டில் போட்டாள். பிஸ்கட் இருந்த தட்டு. அதில் இடம் நிறையவே இருந்தது.

ஐந்து மணிக்கு வேலை விட்டார்கள். நாற்பது பேரும் வாசல் வழியாக வெளியே வந்தார்கள். மாமியாரும் மாப்பிள்ளையும் பக்கம் பக்கமாக நடந்து வந்தார்கள். ஃபேனைப் பற்றித்தான் பேசினார்கள், இந்தத் தடவை சத்தம் கொஞ்சம் குறைவாக. வாசலில் முதலாளியின் கார் நின்றது. கலவைக்காரர் அதன் பக்கத்தில் வந்ததும் நடையை மெதுவாக்கினார். காலையில் நின்ற அதே நாற்பது பேரும் தாங்களாகவே நின்றார்கள். கார்க் கண்ணாடிக்குள் முதலாளி போனை எடுத்துக் காதில் வைத்தார். போன் மணி அடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கார் போய்விட்டது.

கலவைக்காரர் அது போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அத்தையின் பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

"வண்டியை எடுக்கட்டாக்கா?" என்றான் தம்பி.

"இரு." அக்கா வாசல் திண்டில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, அதிகாரியம்மாவுக்குத் தர வேண்டிய அறிக்கையின் அடியில் இன்னொரு வரி எழுதினாள். எழுத்து கோணல்தான். ஆனால் படிக்க முடிந்தது.

'நாற்பது பேர் முன்னால் கலவைக்காரரிடம் முதலாளி கேட்க வேண்டிய மன்னிப்பு: பாக்கி.'